உபயதாரர்கள் ஊர்

பர்மாவில், யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூன் அம்மன் கோயிலில் அன்னதானம் என்றால் மைக் அம்சவேணியிடம்தான் போகும். இருபது வருஷமாக அதில் மாற்றமில்லை. கோயில் தலைவர் மாறினார், பூசாரி மாறினார், மைக்கே மூன்று தடவை மாறிவிட்டது. உபயதாரர் பெயர் வாசிக்கிற ஆள் மட்டும் மாறவில்லை. அப்படியொன்றும் குயில் குரல் கிடையாது அவளுக்கு. கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் பெயரைத் தப்பாக வாசிக்க மாட்டாள். மூட்டை அரிசி கொடுத்த பர்மியர் ஊ தான் ஷ்வேயோ, எண்ணெய் கொடுத்த கபீர் பாயோ, நல்லையாவின் பேரக்குழந்தையோ, தாளில் ஓர் எழுத்து சந்தேகம் என்றால் பந்தியில் உட்கார்ந்திருக்கிறவரைக்கூட எழுப்பிக் கேட்டுக்கொண்டுதான் வாசிப்பாள். சாம்பார் ஆறினால் ஆறட்டும்.

"பேரைத் தப்பா வாசிச்சா புண்ணியம் பக்கத்து வீட்டுக்குப் போயிரும்" என்பாள். சிரிக்காமல் சொல்வாள்.

முப்பது வருஷம் அரசுப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு வருகைப் பதிவு வாசித்த பழக்கம் அது. பர்மியப் பிள்ளைகள் 'சயாமா', அதாவது டீச்சரம்மா, என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் கீரைக்காரி முதல் டாக்ஸிக்காரர் வரை எல்லாருக்கும் அவள் சயாமாதான். வீட்டுக்காரர் இராமையாவுக்கு மட்டும் அம்சா. ஐம்பத்தெட்டு வயது வரை அவள் பார்த்த தூர தேசம் மாண்டலே. அங்கேயும் போன அன்றே தலைவலி வந்து படுத்துவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் போன மே மாதம் ஜெர்மனிக்கு விமானம் ஏறினாள். எல்லாம் மகளுக்காக.

ஒரே மகள் பவானி. நர்ஸ் படிப்புக்கென்று நான்கு வருஷத்துக்கு முன் அந்த நாட்டின் தெற்கே ஆற்றோரத்துச் சின்ன ஊர் ஒன்றுக்குப் போனவள். ஊர்ப் பெயர் அம்சவேணியின் வாயில் கடைசி வரை நுழையவில்லை. 'பவானி ஊரு' என்றே சொல்லிக்கொண்டாள். படிப்பு முடிந்து அங்கேயே முதியோர் இல்லத்தில் வேலை. இப்போது நிரந்தரமாக இருந்துகொள் என்று கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பெண் அந்த ஊர்க்காரி. போடாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு யாங்கோன் வர வேண்டியதுதான்.

வரச் சொல்லவும் பயம். இளவட்டங்களுக்கான பட்டாளச் சட்டம் வந்ததிலிருந்து வயதுப் பிள்ளை வைத்திருக்கிற வீடுகளில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. பெண்களையும் கூப்பிடுவார்களாம் என்று ஒரு பேச்சு. சரி, அங்கேயே இருக்கச் சொல்லலாமென்றால் அதுவும் பயம். பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து, வெளிநாட்டில் ஒரு பெண்ணைப் பஸ்ஸில் முகத்துக்கு நேரே திட்டி இறக்கிவிட்டார்களாம், ஒருத்தர் ஏனென்று கேட்கவில்லையாம் என்று அம்சவேணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இராமையா இன்வெர்ட்டர் பேட்டரி பழுது பார்க்கிறவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டார். "அம்சா, நீ நேர்ல போய்ப் பாரு" என்றார். "ஊரு நல்ல ஊருன்னு பட்டா புள்ளைய விட்டுட்டு வா. மனசுக்கு ஒப்பலையா, கையோட கூட்டிட்டு வந்துரு. நீ என்ன சொல்றியோ அதுதான்."

"நான் சொல்றதா? நாளைக்கு ஒண்ணுன்னா எந்தலையில போடறதுக்கா?"

"முப்பது வருஷம் ஊரான் வீட்டுப் புள்ளைங்களுக்கு மார்க்கு போட்டியே. ஒரு ஊருக்குப் போட மாட்டியா?"

டிக்கெட் மகள் எடுத்தாள். அழைப்புக் கடிதம் கொடுத்தது அவள் குடியிருக்கிற வீட்டுக்காரம்மா, ஹெட்விக். எழுபத்து நாலு வயது, தனிக்கட்டை. முதல் குளிர்காலத்தில் பவானிக்கு நெஞ்சுச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தபோது ராப்பகலாகப் பக்கத்தில் இருந்து கஞ்சி மாதிரி ஏதோ காய்ச்சிக் கொடுத்துப் பிழைக்க வைத்த மகராசி. அந்த நாளிலிருந்து தின்கன்ஜூன் வீட்டில் விளக்கேற்றும்போதெல்லாம் அம்சவேணி ஹெட்விக் பெயரையும் சேர்த்துத்தான் கும்பிடுவாள். மரியாதைக்குரிய அம்மாளைப் பெயர் மட்டும் சொல்லிக் கூப்பிட முடியுமா? பர்மிய வழக்கப்படி முன்னால் ஒரு 'டோ' போட்டு 'டோ ஹெட்விக்' ஆக்கிவிட்டாள்.

ரயிலடியில் மகளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது முடித்து, கல் பாவிய தெருவில் சக்கரப் பெட்டியைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு போனார்கள். வீட்டு வாசலில் பெட்டி எதிலோ இடித்து நின்றது. அம்சவேணி குனிந்து பார்த்தாள். கருங்கற்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்தில் மூன்று பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், கீழே இரண்டு வருஷம், இன்னும் சில வரிகள். அவள் செருப்புக் கால் ஒரு பெயரின் மேல் இருந்தது.

"அய்யய்யோ, உபயதாரர் பேரு!" என்று துள்ளி விலகினாள்.

அவள் வேறென்ன நினைப்பாள், சொல்லுங்கள்? யாங்கோனில் பகோடாப் படிக்கட்டிலிருந்து தெருமுனைத் தண்ணீர்ப் பானை வரை, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சிலிருந்து கோயில் டியூப்லைட் வரை, கொடுத்தவர் பெயர் எழுதாத பொருள் உண்டா? பகோடாவில் நடக்கிற தரைக்கல்லிலேகூட ஒரு குடும்பத்தின் பெயர் வெட்டியிருக்கும். அதைப் பார்க்கிறவர் 'தாது, தாது, தாது' என்று மூன்று தரம் சொல்ல வேண்டும். நன்று நன்று என்று வாழ்த்துவதாக அர்த்தம். அப்படிச் சொன்னால் கொடுத்தவர் புண்ணியத்தில் சொன்னவருக்கும் ஒரு பங்கு. தமிழ்க் குடும்பங்களும் இதை வஞ்சகமில்லாமல் எடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றன.

அம்சவேணி செருப்பைக் கழற்றினாள். கைகூப்பினாள். "தாது, தாது, தாது. தெருவுக்குக் கல்லு போட்டுக் குடுத்த மகராசங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நூறு வயசு இருக்கணும்."

பவானி சாவியைக் கதவில் வைத்தபடி ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். "அமே, குளிருது, உள்ள வா" என்றாள். அம்மா என்பதைப் பர்மியத்தில்தான் சொல்லுவாள் அந்தப் பெண். தமிழ் அவளுக்குக் காதில் நன்றாக ஏறும், வாயில் பாதிதான் வரும்.

அடுத்த ஏழெட்டு நாளும் அம்சவேணிக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் வேலைக்குப் போனதும் இவள் லுங்ஜிக்கு, அதாவது பர்மியக் கைலிக்கு, மேல் மகளுடைய கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஊரைச் சுற்றக் கிளம்பிவிடுவாள். சுற்றி வர அரை மணி போதும், அவ்வளவுதான் ஊர். சிவப்பு ஓட்டு வீடுகள், ஒவ்வொரு ஜன்னலிலும் பூந்தொட்டி. ஆற்றில் வாத்துகள், யாரும் பிடித்துக் குழம்பு வைப்பதில்லை. கால் மணிக்கு ஒருதரம் மாதா கோயில் மணி. எட்டு மணி ஏழு நிமிஷத்துக்கு வருமென்று எழுதியிருக்கிற பஸ் எட்டு ஏழுக்கு வருகிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஈ காக்கை இல்லாததைப் பார்த்துப் பயந்துபோய் வீட்டுக்குள் ஓடி வந்து, "பவானி, இங்கயும் கர்ஃப்யூ போட்டுட்டாங்களா?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர் சும்மா இருக்குமென்று மகள் சொன்னதை நம்ப அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

கரண்ட் இருபத்து நாலு மணி நேரமும் இருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. யாங்கோனில் கரண்ட் வந்தால் 'மீ லாபீ' என்று தெருவே கத்தும். ஓடிப்போய் மோட்டார் போடுவார்கள், பேட்டரி ஏற்றுவார்கள், அவசர அவசரமாகத் துணி தேய்ப்பார்கள். இங்கே அம்சவேணி கைபேசியைச் சொருகி, எடுத்து, மறுபடி சொருகி, குளியல் தொட்டியை நிரப்பி வைத்து, அது போகவே போகாது என்று தெரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து, "முருகா, இந்தப் புள்ள இந்த வெளிச்சத்துலயே இருக்கட்டும்" என்று கண்கலங்கினாள்.

ஹெட்விக்கோடு முதல் இரண்டு நாள் ஒரு கூத்து நடந்தது. "காபி?" என்று அந்தம்மா கேட்டாள். முதல் தடவையே சரி என்பது மரியாதையா? அம்சவேணி வேண்டாமென்று தலையாட்டினாள். இன்னும் இரண்டு தரம் கேட்பாள், மூன்றாவது தரம் வாங்கிக்கொள்ளலாம் என்பது இவள் கணக்கு. ஹெட்விக் "ஓகே" என்று சொல்லிவிட்டுத் தானே குடித்துவிட்டாள்! மூன்றாம் நாள் பவானி இரண்டு பக்கமும் விளக்கிச் சொன்ன பிறகுதான் அம்சவேணிக்குக் காபி கிடைத்தது. பதிலுக்கு அவள் கொண்டுவந்த லப்பே, அந்த ஊறவைத்த தேயிலையை, வறுத்த பயறும் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டுக் கலந்து கொடுத்தாள். ஹெட்விக் இருமி, கண்ணீர் விட்டு, தண்ணீர் குடித்து, மறுபடி ஒரு கரண்டி கேட்டாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள். பாஷை எதற்கு? நன்றி என்பதற்கு 'ச்சேஸூ தின்பாடே' என்று ஹெட்விக்குக் கற்றும் கொடுத்துவிட்டாள் சயாமா.

காலையில் வெளியே போகும்போதும் வரும்போதும் வாசல் கற்களுக்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு. ஆங்கில எழுத்துத்தானே, கூட்டி வாசித்தாள். லுட்விக், பவுலா, எல்ஸ். மூவருக்கும் கடைசியில் ரோஸன்ஃபெல்டர் என்று ஒரே பெயர். குடும்பமாகச் சேர்ந்து கொடுத்திருக்கிறார்கள். வருஷம் இரண்டிரண்டு போட்டிருப்பதால் இரண்டு தடவை கொடுத்தவர்கள். எல்ஸ் என்பவர் 1938-இல் ஒரு தரம், 1942-இல் ஒரு தரம். நாற்பத்திரண்டில்தான் யாங்கோனில் குண்டு விழுந்து நம் ஜனங்கள் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தார்கள், பாதிப்பேர் வழியிலேயே போனார்கள். அந்த வருஷத்தில்கூட இந்த ஊர்க்காரர்கள் தெருவுக்குக் கல் போட்டிருக்கிறார்களே என்று நினைத்து மனம் நெகிழ்ந்தாள். கடைசி வரியில் மூவருக்கும் ஒரே சொல். 'நலமுண்டாகட்டும்' என்று நம் கல்வெட்டில் போடுவது மாதிரி ஏதோ வாழ்த்தாக இருக்கும்.

ஒருநாள் அந்தச் சொல்லை மகளிடம் கேட்டாள். "எர்மோர்டெட்னு போட்டிருக்கே, என்னா அர்த்தம்?"

பவானி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "பழைய காலத்துப் பாஷை அமே. எனக்குச் சரியாத் தெரியல."

ஊரில் நடக்க நடக்க, வேறு வாசல்களிலும் இப்படிக் கற்கள் கண்ணில் பட்டன. அவ்வளவுதான், அம்சவேணி மார்க்குப் போட்டுவிட்டாள். எட்டாம் நாள் இராமையாவிடம் பேசும்போது, "என்னாங்க, இது உபயதாரருங்க ஊருங்க. தெருவுக்குத் தெரு தானம் பண்ணினவங்க பேரு. அதுவும் செவுத்துல ஒசரத்துல இல்ல, கால்ல மிதிபடற மாதிரி தரையில! எவ்வளவு பணிவு பாருங்க. இப்பேர்ப்பட்ட ஊருல நம்ம புள்ளைக்கு ஒரு கெடுதல் வருமா? கையெழுத்துப் போடச் சொல்லிரலாம்" என்றாள்.

"கௌண்டே, கௌண்டே" என்றார் இராமையா. நல்லது, நல்லது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பவானிக்கு விடுமுறை. அம்சவேணி வாசலுக்கு வந்தபோது ஹெட்விக் தரையில் சின்ன மெத்தை போட்டு முழங்காலிட்டு, துணியும் மெருகுக் களிம்புமாக அந்தப் பித்தளைத் தகடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மூன்று வெள்ளை ரோஜா. உபயதாரர் நாள் போலிருக்கிறது! அம்சவேணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கோயில் குத்துவிளக்கு எத்தனை தேய்த்த கை அது! தானும் மண்டியிட்டு ஒரு துணியை எடுத்துக்கொண்டாள். எழுத்து இடுக்கில் இருந்த கறுப்பெல்லாம் போகத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினாள்.

ஹெட்விக் அவள் தோளில் கைவைத்தாள். கண் நிறைந்திருந்தது. மடமடவென்று நிறைய நேரம் பேசினாள். நிலையில் சாய்ந்து நின்ற பவானி, "உனக்கு நன்றி சொல்றாங்க அமே" என்றாள்.

முப்பது வருஷ டீச்சரிடம் இந்தச் சங்கதியா? "அம்புட்டு நேரம் பேசினாங்க, நீ ரெண்டு வார்த்தைல முடிச்சுட்டே. மிச்சத்த எங்க முழுங்கினே?"

பவானி முகத்தில் ஈயாடவில்லை. அம்சவேணி அவளை விட்டுவிட்டு, தகட்டைக் காட்டித் தன் ஆங்கிலத்தில் ஹெட்விக்கிடமே கேட்டாள். "டோனர்? ரோடு டோனர்?"

ஹெட்விக்குக் குழப்பம். அந்த ஊரில் டோனர் என்றால் ரொட்டியில் சுற்றித் தருகிற இறைச்சி. அம்சவேணி கைகளால் அள்ளிக் கொடுப்பதுபோலக் காட்டினாள், தெருவைக் காட்டினாள், பெயர்களைக் காட்டினாள், கும்பிட்டாள். ஹெட்விக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. முகம் வெளுத்தது. பவானியைப் பார்த்து ஏதோ கேட்டாள். பவானி தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் அந்தம்மா தகட்டின் கடைசிச் சொல்லின்மேல் விரலை வைத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். "கில்ட். ஆல் த்ரீ. கில்ட்." கொல்லப்பட்டவர்கள், மூன்று பேருமே.

அப்புறம் பவானி சொல்லத்தான் வேண்டியிருந்தது. இவர்கள் யூதர்கள். இந்த வீட்டில் இருந்தவர்கள். நாற்பத்திரண்டில் ஒருநாள், இதே தேதியில், அரசாங்கத்து ஆட்கள் வந்து வீட்டை விட்டு இறக்கி, நீ வந்து இறங்கினாயே அதே ரயிலடிக்கு நடத்திக் கூட்டிப்போய் ரயிலேற்றினார்கள். தெருவே ஜன்னலில் நின்று பார்த்தது. கொண்டுபோய்க் கொன்றுவிட்டார்கள். தகட்டில் முதல் வருஷம் பிறந்த வருஷம், இரண்டாவது செத்த வருஷம்.

அம்சவேணி எல்ஸ் என்ற பெயரைப் பார்த்தாள். நாற்பத்திரண்டிலிருந்து முப்பத்தெட்டைக் கழித்தாள். நாலு. அவள் வகுப்புக்கு வந்த பிள்ளைகளைவிடச் சின்னது. ஒன்பது நாளாகக் காலையும் மாலையும் அந்தப் பிள்ளை நூறு வயது இருக்கணும் என்று வாழ்த்தியிருக்கிறாள்!

எழுந்தாள். மாடிக்குப் போனாள். மகளின் அறையில் அலமாரிக்கு மேலிருந்த பெரிய பெட்டியை இழுத்துத் தரையில் போட்டுத் திறந்து, மகளின் துணிகளை அள்ளி அதில் திணிக்க ஆரம்பித்தாள்.

"அமே! என்ன பண்றே?"

"கெளம்பு. அப்பா சொன்னாருல்ல, ஒப்பலைன்னா கையோட கூட்டிட்டு வான்னு? கெளம்பு."

"அமே, கேளு..."

"என்னத்தடி கேக்கறது? பக்கத்து வீட்டுக்காரனைப் புள்ள குட்டியோட இழுத்துட்டுப் போறத வேடிக்கை பார்த்த ஊருல உன்னை ஒத்தையில விட்டுட்டுப் போகச் சொல்றியா? நாளைக்கு உன்னை இழுத்தா எவன் கேப்பான்? அதை விடு. நீ தெரிஞ்சுகிட்டே என்னை அங்க நின்னு தாது சொல்ல விட்டியே! எப்படிடி மனசு வந்துச்சு உனக்கு? பாவி, என் வாயால அந்தப் புள்ளைக்கு ஆயுசு கேக்க வச்சியே!"

பவானி அழுதுவிட்டாள். "நீ நல்ல ஊருன்னு சந்தோஷப்பட்டே. இருன்னு சொன்னே. அதைக் கெடுக்கப் பயமா இருந்துச்சு. அங்க வந்து நான் என்ன பண்ணுவேன் அமே? பட்டாளத்துக்குக் கூப்பிட்டா ஒளிச்சு வைப்பியா? யாருமே தப்புப் பண்ணாத ஊரு எங்க இருக்கு, சொல்லு, அங்க போறேன்."

அம்சவேணி திணிப்பதை நிறுத்தவில்லை.

படியில் மெதுவான காலடி. ஹெட்விக் வந்து கதவைத் தட்டிவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பிறகு பேசினாள். இந்தத் தடவை பவானி ஒரு சொல் விடாமல் தமிழிலும் பர்மியத்திலுமாக மாற்றிச் சொன்னாள்.

"இந்த வீட்டை என் தாத்தா நாற்பத்து மூன்றில் ஏலத்தில் எடுத்தார். மேசை, அலமாரி, கரண்டி எல்லாம் அவர்களுடையது. நான் இங்கேதான் பிறந்தேன். யாருடைய கரண்டியில் சாப்பிடுகிறோம் என்று என் அம்மா சாகும்வரை சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல் நானே பழைய காகிதங்களில் தேடிக் கண்டுபிடித்தேன். அவர்கள் சொந்தம் யாராவது மிச்சம் இருந்தால் வீட்டைக் கொடுத்துவிடலாமென்று பதினோரு வருஷம் எழுதிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அப்புறம்தான் வாசலில் பெயராவது இருக்கட்டும் என்று கல் பதிக்கக் கேட்டேன். என் தம்பி, வீட்டுக்குக் கெட்ட பெயர் என்று சண்டை போட்டுப் போனவன்தான், இன்றுவரை பேசுவதில்லை. இதெல்லாம் தெரிந்த பிறகு உங்கள் பெண்ணை இங்கே விட மனமில்லையென்றால் எனக்குப் புரியும். தெரியாமல் மட்டும் நீங்கள் விட்டுப் போகக் கூடாது."

அம்சவேணி கையில் மகளின் துண்டு இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தன் வீட்டுத் தேக்குக் கட்டில் நினைவுக்கு வந்தது. கதவு வழியாக வெளியே எடுக்க முடியாத அளவுக்குப் பெரிது. அறுபத்து நாலில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கட்டின துணியோடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயின. அப்படிப் போன ஒரு குடும்பத்தின் வீடுதான் இராமையாவின் அப்பாவுக்கு வாய்த்தது. அவர் யாரையும் துரத்தவில்லை, காலியாகக் கிடந்த வீட்டுக்குத்தான் குடி வந்தார். வீட்டில் அதற்குப் பெயரே 'கப்பல்காரங்க கட்டில்'. முப்பத்து மூன்று வருஷமாக அதில்தான் படுத்து எழுந்திருக்கிறாள். பவானிக்குப் பால் கொடுத்தது அதில்தான். ஊரில் எந்த உபயதாரரின் பெயரையும் எழுத்துப் பிசகாமல் வாசிக்கிற அம்சவேணிக்கு, அந்தக் கப்பல்காரருக்குப் பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்கத் தோன்றியதில்லை. அவருக்கு மனைவி இருந்தாளா, கட்டிலில் குழந்தை படுத்ததா, ஒன்றும் தெரியாது.

வெட்கமாக இருந்தது. மகளின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஹெட்விக்கின் கையைப் பிடித்தாள். "கீழ வாங்க டோ ஹெட்விக்" என்றாள். பவானி மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மூன்று பேரும் கற்களுக்கு முன் நின்றார்கள். அம்சவேணி மகளிடம், "ஒவ்வொரு பேரா அவங்களைச் சொல்லச் சொல்லு. நான் தப்பா வாசிச்சிருந்தா திருத்தச் சொல்லு" என்றாள். தப்பாகத்தான் வாசித்திருந்தாள். லுட்விக் இல்லை, லூட்விக். பவுலா இல்லை, பாவ்லா. எல்ஸ் இல்லை, முடிவில் ஒரு சின்ன இழுப்பு இருக்கிறது, எல்ஸெ. கடைசிப் பெயரை ஆறு தடவை சொல்லிப் பார்த்தாள். நாக்குப் புரண்டது. விடவில்லை. ஹெட்விக் சரியென்று தலையசைத்த பிறகு, நிமிர்ந்து நின்று, கோயில் மைக்கில் வாசிக்கிற அதே குரலில், தெரு முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

"லூட்விக் ரோஸென்ஃபெல்டர். பாவ்லா ரோஸென்ஃபெல்டர். எல்ஸெ ரோஸென்ஃபெல்டர்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. ஹெட்விக் அழுதாள். "ச்சேஸூ தின்பாடே" என்றாள் அம்சவேணி. நன்றி எதற்கென்று கேட்டால் அவளால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. காய்ச்சலில் கிடந்த மகளுக்குக் கஞ்சி காய்ச்சியதற்கா, பொய்யில் விட்டு அனுப்பாமல் மாடியேறி வந்து உண்மையைச் சொன்னதற்கா? இரண்டுக்கும்தான்.

பெட்டியிலிருந்த துணியை மகள் எடுத்து அலமாரியில் அடுக்கியபோது அம்சவேணி தடுக்கவில்லை. அந்தக் கடிதத்தை எடுத்து வரச் சொல்லி, பேனாவையும் எடுத்து மகள் கையில் கொடுத்தாள். "போடு. ஆனா இனிமே எங்கிட்ட பாதிய முழுங்கினே, முதுகுத் தோலை உரிச்சுருவேன்." பவானி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

சாயங்காலம் இராமையா கூப்பிட்டார். யாங்கோனில் கரண்ட் இருந்த நேரம், முகம் தெளிவாகத் தெரிந்தது. "என்னா அம்சா, உபயதாரருங்க ஊரு எப்படி இருக்கு?"

"அது உபயதாரருங்க ஊரு இல்லீங்க. நான் தப்பா வாசிச்சுட்டேன்." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தையின் வயதை இரண்டு தரம் சொன்னாள்.

"அப்ப புள்ளைய?" என்றார் கடைசியில்.

"கையெழுத்துப் போட்டாச்சு. இங்கயே இருக்கட்டும். பெரிய பாவம் பண்ணின ஊருங்க இது. ஆனா பண்ணினத வாசப்படியிலயே எழுதி வச்சு, முட்டி போட்டுத் தொடைக்கிறாங்க. அப்படி ஒரு மனுஷி கூட என் புள்ள இருக்கறது எனக்குப் போதும். அவங்களைக் கும்பிட்டுட்டு நான் ஊருக்கு வரேன்."

"நீ சொன்னாச் சரி."

"இன்னொண்ணு கேக்கணும். நம்ம கட்டில் இருக்குல்ல, கப்பல்காரங்க கட்டில். அவங்க பேரு என்னாங்க?"

இராமையா திரும்பி உள்ளறைப் பக்கம் பார்த்தார். படம் உறைந்துவிட்டதோ என்று பவானி கைபேசியைத் தட்டிப் பார்த்தாள்.

"தெரியலையே அம்சா" என்றார். "அப்பா சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

"விசாரிங்க" என்றாள் அம்சவேணி. "பழைய ஆளுங்க இன்னும் ரெண்டு மூணு பேரு இருக்காங்க. நான் வர்றதுக்குள்ள விசாரிச்சு, எழுத்துப் பிசகாம எழுதி வைங்க."